சேவானில் தமால் பார்க்கப் போகிறவர்களுக்கு, பாங் விஷயத்தையும் சேர்த்து

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சேவான் ஷரீஃப் என்ற ஊரில் லால் ஷாபாஸ் கலந்தர் என்ற சூஃபி ஞானியின் தர்கா இருக்கிறது. அங்கே நடக்கும் தமால் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "கஞ்சா அடித்துவிட்டு ஆடுவார்களே, அதுவா?" என்பார்கள். அந்த நினைப்போடு போகாதீர்கள். ஆட வைப்பது நகாரா முரசு, கஞ்சா அதற்கு ஓரத்தில் இருக்கிற சங்கதி.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா குதிரைக்கொம்பு; வேறு பாஸ்போர்ட் வைத்திருந்தால் முயன்று பாருங்கள். கராச்சியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர், காரில் ஐந்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மக்ரிப் (அந்தி) தொழுகைக்குப் பிறகு தமால் உண்டு என்றாலும் வியாழக்கிழமைதான் களை கட்டும். ஷாபான் மாதம் 18 முதல் 20 வரை நடக்கும் உர்ஸுக்கு (ஞானியின் நினைவு நாள் விழா) முதல் தடவையே போக வேண்டாம், நெரிசலில் முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும்.

வாசலில் சோதனை செய்வார்கள், முகம் சுளிக்காதீர்கள். 2017 பிப்ரவரி 16, இதே போன்ற ஒரு வியாழன் மாலையில்தான் உள்ளே குண்டு வெடித்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, தலையை மூடிக்கொண்டு, முற்றத்தின் ஓரமாக ஓர் இடம் பிடியுங்கள். முரசு மெதுவாகத்தான் தொடங்கும், அப்புறம் வேகம் ஏற ஏற, கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடுகிற பெண்களையும், கடுக்கன், வளையல், சிவப்புத் துணியோடு சுழல்கிற மலங்குகளையும் (சூஃபித் துறவிகள்) பார்ப்பீர்கள். கேட்காமல் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், முக்கியமாகப் பெண்கள் பக்கம்.

சரி, பாங். தர்காவைச் சுற்றி ஃபகீர்கள் தங்கும் இடங்கள் இருக்கின்றன, காஃபி என்பார்கள் (குடிக்கிற காபி இல்லை). அங்கே சட்டியில் கஞ்சா இலையைப் போட்டு, சலங்கை கட்டிய தடியால் ஜல்ஜல்லென்று அரைப்பார்கள். நம் சாமியார்கள் சிவமூலி என்கிற மாதிரி, அவர்கள் பூட்டி என்பார்கள், மூலிகை என்று அர்த்தம். இலையை அரைத்துக் குடிப்பது பாங். பிசினைச் சிலும்பியில் வைத்துப் புகைப்பது சரஸ். சூஃபிகளுக்கும் கஞ்சாவுக்கும் உள்ள உறவு பழசு. கஞ்சாவைக் கண்டுபிடித்தவரே 13ஆம் நூற்றாண்டில் மறைந்த குராசான் சூஃபி ஹைதர்தான் என்று அரபு வரலாற்றாசிரியர் மக்ரீஸி ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார். அதே நேரம், இப்னு தைமிய்யா போன்ற இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் இதைக் கடுமையாகச் சாடினார்கள். இன்றும் பெரும்பாலான சூஃபிகள் இதன் பக்கம் போவதில்லை.

கிண்ணம் உங்கள் பக்கம் வந்தால் வலது கையை நெஞ்சில் வைத்து, லேசாகக் குனிந்து, "பஸ் சாயின், மெஹர்பானி" (போதும் ஐயா, நன்றி) என்று சொல்லுங்கள், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஹராம், ஹலால் என்று கிண்ணம் நீட்டியவரிடம் வாதம் பண்ணாதீர்கள். மரியாதைக்காக ஒரு வாய் என்றும் இறங்காதீர்கள்; குடித்த கஞ்சா ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கிண்ணம் வாங்கியவர்தான் நடுராத்திரியில் அறையைத் தேடி அலைவார். சட்டமும் சும்மா இல்லை: சரஸ் பாகிஸ்தானின் 1997 போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, மலங்கைக் கண்டுகொள்ளாத போலீஸ் உங்களையும் அப்படியே விடும் என்று நம்பாதீர்கள். ஊர் திரும்பும்போது யாராவது "தபருக்" (தர்காப் பிரசாதம்) என்று பொட்டலம் கொடுத்தால் பிரித்துப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.