எபிரெய வேதத்தின் வம்ச அட்டவணைகள்: கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபிரெய வேதத்தை, அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்கிற நூல்தொகுதியை, கற்க வருகிறவர்களின் குறிப்பேடுகளைப் பார்வையிடும்போது, ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தை எட்டியதும் ஏறக்குறைய எல்லாரும் ஒரே படத்தை வரைந்திருப்பதைக் காண்கிறேன். மேலே நோவா, கீழே மூன்று கிளைகள்: சேமுக்கு ஆசியா, காமுக்கு ஆப்பிரிக்கா, யாப்பேத்துக்கு ஐரோப்பா. நான் கற்கத் தொடங்கிய காலத்துக் குறிப்பேட்டிலும் இதே படம்தான் இருந்தது. பெயர்களை உச்சரிக்கத் தடுமாறுவதும், பட்டியல் வந்தவுடன் பக்கத்தைத் தள்ளிவிடுவதும் பழகப் பழகத் தாமாகவே மறைந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஊன்றி வாசிக்கக் கற்ற பிறகும் நீங்காமல், பட்டியல் சொல்லாத செய்தியை அதன்மேல் ஏற்றுகிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பட்டியல் எந்தக் கேள்விக்கு விடை என்று கேளாமல் வாசிப்பது

வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்குகிற வாரிசுச் சான்றிதழில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை என்று யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை, ஏனெனில் இறந்தவருக்குச் சட்டப்படி வாரிசு யார் என்று சொல்வதே அதன் வேலை என்பது நமக்குத் தெரியும். எபிரெய வேதத்தின் பட்டியல்களும் பெரும்பாலும் அவை எழுதப்பட்ட நாளில் எழுந்த உரிமைக் கேள்விகளுக்கே விடை சொல்கின்றன. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் அபாயா, கோஸ், பர்சிலாய் என்பவர்களின் குடும்பத்தார் தங்கள் வம்சப் பதிவைத் தேடியும் காணாததால் ஆசாரியப் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறது. பலிபீடத்தின் முன் யார் நிற்கலாம் என்பதை ஒரு பெயர்ப்பதிவு தீர்மானித்த காலம் அது.

முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களை இந்தச் சூழலில் வைத்து வாசித்தால் அவற்றின் அளவுகளே பேசத் தொடங்கும். இஸ்ரவேலின் கோத்திரங்களுள் யூதாவுக்கு 100 வசனங்களும் லேவிக்கு 81 வசனங்களும் கிடைக்கின்றன. நப்தலிக்குக் கிடைப்பது ஒரே ஒரு வசனம். தாணுக்கும் செபுலோனுக்கும் தனிப் பட்டியலே இல்லை. தாவீதின் அரச வம்சமும் ஆலயப் பணியாளர்களின் வரிசையும் யாருக்கு உயிர்நாடியாக இருந்தனவோ, அந்தச் சமூகம் தனக்கு வேண்டியதை இங்கே விரித்து எழுதியிருக்கிறது.

ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தை இனங்களின் அட்டவணையாக்குவது

இத்தனை காலம் கற்பித்த பின்னும் என்னைச் சினங்கொள்ள வைக்கும் தவறு இதுதான். ஒரு வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்து, "ஐயா, நாம் காமின் பிள்ளைகள் என்றால் அந்தச் சாபம் நம்மேலும் இருக்கிறதா?" என்று கேட்டார். எங்கோ ஒரு கூட்டத்தில் பேசியவர் திராவிடரைக் காமின் கிளையில் சேர்த்து, வறுமைக்கும் அடிமைத்தனத்துக்கும் அதையே காரணமாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை அந்த இளைஞர் பல மாதங்கள் மனத்தில் சுமந்திருக்கிறார். பெயர்ப் பட்டியலைத் தவறாக வாசித்ததனால் ஒருவர் தம் பிறப்பையே குற்றமாக எண்ணும் நிலை வரலாம் என்பதைத் தொடக்கநிலை மாணவர்கள் முதலிலேயே உணர வேண்டும்.

நோவாவின் சாபம் காமின்மேல் விழவில்லை என்பதை எவரும் ஆதியாகமம் 9:25ஐத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அங்கே பெயர் சொல்லிச் சபிக்கப்படுகிறவன் கானான். கானானின் பிள்ளைகளாக அடுத்த அதிகாரம் சொல்கிற சீதோன், ஏத், எபூசியர், எமோரியர் முதலியோரின் எல்லை சீதோனிலிருந்து காசா வரைக்கும் சோதோமின் திசையிலும் செல்கிறது. அது பிற்காலத்தில் இஸ்ரவேலர் குடியேறிய நாடு. ஆப்பிரிக்காவோ இந்தியாவோ அந்த எல்லைக்குள் இல்லை.

காமின் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாலும் கண்டமோ நிறமோ அகப்படாது. கூஷின் வழியில் வருகிற நிம்ரோது சிநெயார் தேசத்துப் பாபேலையும் அக்காத்தையும் ஆள்கிறான். நினிவேயும் அவன் கதையோடு சேர்கிறது. இவையெல்லாம் இன்றைய ஈராக்கில் உள்ளவை. சேபா, ஆவிலா என்னும் பெயர்கள் கூஷின் சந்ததியிலும் வருகின்றன, சேமின் வழிவந்த யொக்தானின் பிள்ளைகளிடையேயும் வருகின்றன. ஒரே பெயரை இரண்டு கிளைகளில் நிறுத்துவதில் எழுதியவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

மொழியை அளவுகோலாகக் கொண்டாலும் கணக்கு உதைக்கும். ஏசாயா 19:18 எபிரெயத்தையே கானானின் பாஷை என்கிறது. அவ்வளவு நெருங்கிய மொழி பேசிய கானான் காமின் மகனாக நிற்க, எபிரெயத்தோடு எந்த உறவும் நிறுவப்படாத மொழியைப் பேசிய ஏலாம் சேமின் மகனாக நிற்கிறான். சேமின் பெயரைக் கொண்டு ஒரு மொழிக்குடும்பத்துக்குச் செமித்தியம் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான ஷ்லோட்சர். அது 1781இல் நடந்தது. அந்தப் பிரிவினையைப் பழைய பட்டியலுக்குள் கொண்டுபோய் வைப்பது நம்முடைய வேலை, பட்டியலின் வேலையன்று. கானான் பல நூற்றாண்டுகள் எகிப்தின் ஆட்சிக்குள் இருந்ததாலேயே, எகிப்தாகிய மிஸ்ராயீமுக்குச் சகோதரனாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அண்டை நாடு, ஆட்சி, வணிகம் ஆகியவற்றால் அமைந்த உறவுகளை இரத்த உறவின் மொழியில் சொல்வதே அந்த அதிகாரத்தின் வழக்கம்.

இதைப் புரிந்துகொள்ளாததன் விலை பெரியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறையை நியாயப்படுத்தியவர்கள் காமின் பெயரைச் சொன்னார்கள். காமின் சந்ததியார் மட்டுமே அடிமைகளாக வேண்டும் என்றால், வெள்ளைத் தகப்பன்மாருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அடிமைக் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் அந்த நியாயம் விரைவில் வேதத்துக்கே முரணாகிவிடும் என்று, தாமும் அப்படிப் பிறந்தவரான பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதினார். ருவாண்டாவிலோ ஐரோப்பியர்கள் அதே பெயரைத் தலைகீழாகத் திருப்பி, துத்சி மக்களைக் காமிய வழிவந்த மேலான இனம் என்றார்கள். பெல்ஜிய ஆட்சி 1930களில் துத்சி, ஹுட்டு என்ற பிரிவினையை அடையாள அட்டையில் பதித்தது. 1994இல் துத்சி மக்கள் இனப்படுகொலை செய்யப்பட்டபோது, சாலைத் தடைகளில் அத்தகைய அட்டையே உயிரைப் பறித்தது. ஓரிடத்தில் தாழ்ந்தவனுக்கும் வேறோரிடத்தில் உயர்ந்தவனுக்கும் சான்றாகக் காட்டப்பட்ட ஒரு பெயர், உண்மையில் எதற்கும் சான்றாக இருக்கவில்லை.

இந்தியா அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. பாரசீகப் பேரரசின் எல்லையாக எஸ்தர் 1:1இல்தான் இந்து தேசம் வருகிறது. இல்லாத இடத்தை நிரப்ப முயன்றவர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டதில் வியப்பில்லை. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, யொக்தானின் பிள்ளைகளை இந்தியாவின் கோஃபென் ஆற்றங்கரையில் குடியேற்றிச் சேமின் கணக்கில் சேர்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் இந்தியரைக் காமின் கிளையில் வைத்தார். அந்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, முதலாம் நாளாகமம் 2:34ஐத் திறக்கச் சொன்னேன். ஆண் பிள்ளை இல்லாத சேசான் என்னும் யூதா கோத்திரத்தான், யர்கா என்னும் தன் எகிப்திய வேலைக்காரனுக்குத் தன் மகளைக் கொடுக்கிறான். காமின் மகனான மிஸ்ராயீமின் நாட்டிலிருந்து வந்த அந்த அடிமைக்குப் பிறந்த அத்தாயி முதல் 13 தலைமுறைகள், தாவீதின் கோத்திரத்துக்குள்ளேயே பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன.

வயதுகளைக் கூட்டி உலகம் தோன்றிய ஆண்டைக் கண்டுபிடிப்பது

ஆதாமிலிருந்து வெள்ளம் வரைக்கும் ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்து எண்களைக் கூட்டினால் யூத மரபு காத்த மசோரேத்திய எபிரெயப் பாடத்தில் 1656 ஆண்டுகள் வரும். சமாரியர் காத்த பாடத்தில் அதே கூட்டல் 1307 ஆகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2242 ஆகிறது. அப்படிக் கொண்டால் நோவாவின் தாத்தாவான மெத்தூசலா, நோவாவின் குடும்பத்தார் மட்டுமே தப்பிய வெள்ளத்துக்குப் பிறகும் 14 ஆண்டுகள் உயிரோடிருந்தாக வேண்டும். சில பிரதிகளில் ஓர் எண் மாறி, மொத்தம் 2262 ஆகி, அந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கிறது. அயர்லாந்தின் அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர், உலகம் தோன்றிய ஆண்டாக 1650இல் வெளியிட்ட கி.மு. 4004 எபிரெயப் பாடத்தின் எண்களைச் சார்ந்தது. எண்களைக் கூட்டுவதற்கு முன், எந்தப் பாடத்தின் எண்களைக் கூட்டுகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பயனுள்ளது, ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பேர், சேம் முதல் ஆபிராம் வரை பத்துப் பேர், தேவனோடே நடந்த ஏனோக்கு ஏழாமவர் என்ற அமைப்பைக் கவனிப்பது. ரூத்தின் முடிவிலும் பேரேசிலிருந்து தாவீது வரை பத்துப் பேரும், ஏழாமிடத்தில் போவாசும் இருக்கிறார்கள்.

இடையில் யாரும் விடுபடவில்லை என்று நம்புவது

எஸ்றாவைச் செராயாவின் குமாரன் என்கிறது எஸ்றா 7:1. செராயாவோ எருசலேம் வீழ்ந்தபோது, கி.மு. 586 வாக்கில், ரிப்லாவில் கொல்லப்பட்ட பிரதான ஆசாரியர். எஸ்றா எருசலேமுக்கு வந்த ஆண்டாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது கி.மு. 458. நடுவில் நூறாண்டுக்கு மேல் இருப்பதால், இங்கே குமாரன் என்பது வழிவந்தவன் என்ற பொருளில்தான் வர முடியும். அதே பட்டியலை முதலாம் நாளாகமம் ஆறாம் அதிகாரத்தோடு ஒப்பிட்டால், அசரியாவுக்கும் மெராயோத்துக்கும் நடுவில் ஆறு பெயர்கள் விடப்பட்டிருக்கும். முதல் பிரதான ஆசாரியரான ஆரோன்வரை வழி சேர்ந்துவிட்டால், ஆசாரியராக எஸ்றாவின் உரிமை நிலைநாட்டப்பட்டுவிடும்.

ஒவ்வொரு பெயரும் ஒரு தனி மனிதர் என்று கொள்வது

1910இல் சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் தோண்டியபோது, கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அரண்மனைக்கு வந்த திராட்சரசத்தையும் எண்ணெயையும் பற்றிய அந்தக் குறிப்புகளில் அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா என்பவை வட்டாரப் பெயர்களாக வருகின்றன. யோசுவா 17ஆம் அதிகாரத்தில் இதே பெயர்கள் மனாசே என்னும் கோத்திரத் தந்தையின் புத்திரருடையவை. நிலவுரிமை கேட்டு மோசேயின்முன் நின்ற செலோப்பியாத்தின் ஐந்து மகள்களுள் நோவாள், ஒக்லாள் ஆகிய இருவரின் பெயர்களும் அதே ஓடுகளில் நிலப்பகுதிகளாக இருக்கின்றன. அந்தக் குமாரத்திகளின் வழக்கு ஏன் எண்ணாகமத்தில் இரண்டு அதிகாரங்களில் பேசப்படுகிறது என்பதற்கு இந்த ஓடுகள் விளக்கம் தருகின்றன.

இரண்டு பட்டியல்கள் மோதினால் ஒன்றைப் பொய்யாக்குவது

சாமுவேலின் தகப்பன் முதலாம் சாமுவேலில் எப்பிராயீமியன், நாளாகமத்திலோ சாமுவேல் ஆலயப் பணிக்குரிய லேவி கோத்திரத்தான். சாமுவேலைப் போலப் பலி செலுத்திய ஒருவருக்கு எந்த வம்சம் தேவைப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

மத்தேயுவையும் லூக்காவையும் உடனே இழுத்து வருவது

இயேசுவின் வம்ச வரிசையைத் தருகிற இந்த இரண்டு சுவிசேஷங்களும், நாளாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை வேண்டாம்.