பச்சை மணியிலிருந்து பூமியின் ஆழத்தைப் படிப்பது எப்படி?

பசால்ட் எரிமலைப் பாறையை உடைத்தால் சில சமயம் கண்ணாடிச் சில்லு போலப் பச்சை மணிகள் தெரியும். அதுதான் ஒலிவின். நகைக்கடையில் பெரிடாட் என்று விற்பதும் இதன் தெளிவான வகையே. பூமியின் கவசத்திலிருந்து (மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்கு) ஏறிவரும் பாறைக்குழம்பில் பெரும்பாலும் முதலில் படிகமாவது இது. அதனால் குழம்பின் தொடக்க நிலை இதில் பதிந்திருக்கும். அதைப் படிக்க ஒரு வழி, படிகத்திலுள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறான அணு வகைகளை, அளப்பது.

படி 1: கணக்கைப் பழகுங்கள்
ஆக்சிஜனில் 99.76% ஆக்சிஜன்-16; சுமார் 0.2% ஆக்சிஜன்-18. படிகத்தில் ஆக்சிஜன்-18ஐ ஆக்சிஜன்-16ஆல் வகுத்த விகிதம் 0.0020156 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிட அளவுகோலாக வைத்திருக்கும் கடல்நீர்த் தரத்தின் விகிதம் 0.0020052. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 1ஐக் கழித்து, 1000ஆல் பெருக்கினால் 5.19. இதுதான் டெல்டா மதிப்பு. கவசத்து ஒலிவின் வழக்கமாகக் காட்டுவதும் ஏறக்குறைய 5.2தான்.

படி 2: மணி பொறுக்குங்கள்
பாறையை நொறுக்கி, சலித்து, நுண்ணோக்கியின் கீழ் சாமணத்தால் பொறுக்க வேண்டும். சொல்லத்தான் எளிது. உலர்ந்த மணி துள்ளி ஓடிவிடும். எத்தனாலில் போட்டால் அடங்கும். பழுப்பேறியதையும் விரிசலில் கறை படிந்ததையும் தயங்காமல் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் முடிவின் பாதித் தரம் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. 2 மில்லிகிராம் இருந்தால் போதும்.

படி 3: ஆக்சிஜனைப் பிரித்தெடுங்கள்
இது ஆய்வகத்து வேலை, வீட்டில் வேண்டாம். புரோமின் பென்டாஃபுளோரைடு வாயுவுக்குள் வைத்து லேசரால் சுட்டால் படிகம் ஆக்சிஜனை விடும். திரவ நைட்ரஜன் பொறிகள் மற்ற வாயுக்களைப் பிடித்துக்கொள்ள, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானி விகிதத்தை அளக்கும். அப்புறம், மதிப்பு தெரிந்த கனிமம் ஒன்றையும் கூடவே அளக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கோர் மலைக் கார்னெட்டை (5.80) இதற்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது சரியாக வராத நாளில் உங்கள் எண்ணையும் நம்ப முடியாது.

படி 4: எண்ணைப் படியுங்கள்
சரி, 5.2 வராவிட்டால்? கவசத்தின் கடும் சூட்டில் ஐசோடோப்புகள் அதிகம் பிரிவதில்லை. பெரிய மாற்றம் தெரிந்தால், மேற்பரப்பில் எப்போதோ தண்ணீரோடு புழங்கிய பாறை கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்த கடல்நீரில் ஊறிய கடல்தரைப் பாறையில் மதிப்பு ஏறும். ஆழத்தில் சூடான நீரோடு வினைபுரிந்ததில் இறங்கும். கடல்தரையைச் சுமக்கும் புவித்தட்டு இன்னொரு தட்டின் கீழ் அமிழும்போது இரண்டும் கவசத்துக்குள் போகின்றன.

ஹவாயைப் பாருங்கள். ஓவாஹு தீவின் கூலாவ் எரிமலை ஒலிவினில் மதிப்பு சுமார் 6 வரை போகிறது. அமிழ்ந்துபோன பழைய கடல்தரையின் மேல்பகுதி திரும்பி வந்திருக்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். மௌனா கேயாவில் 5க்கும் கீழே இறங்குகிறது. அங்கேதான் வம்பு: பழைய கடல்தரையின் அடிப்பகுதி காரணமா, வெந்நீர் பாய்ந்த பக்கத்துப் பாறையை வரும் வழியில் குழம்பு கரைத்துக்கொண்டதா? ஆக்சிஜன் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அதே பாறைகளில் ஸ்ட்ரான்சியம், ஆஸ்மியம் ஐசோடோப்புகளையும் அளந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.