டெலிட் பண்ணது திரும்ப வேணுமா, இல்ல திரும்பவே வரக்கூடாதா?

போன வருஷம் அக்கா பையனுக்கு காதுகுத்து முடிஞ்ச மறுநாள் வீட்ல ஒரே ரகளை. கேமரா கார்டுல இருந்த முந்நூத்துச் சொச்சம் போட்டோவ எவனோ ஃபார்மேட் பண்ணிட்டான், எவனோ என்ன, நான்தான். சாயங்காலத்துக்குள்ள முக்காவாசிக்கு மேல மீட்டுட்டேன், அது வேற விஷயம். அதுக்கப்புறம் பழைய லேப்டாப் ஒன்ன விக்கலாம்னு எடுத்தப்ப, சும்மா பாப்போமேன்னு அதே சாஃப்ட்வேர அதுலயும் ஓட்டுனேன், மூணு வருஷம் முன்னாடி டெலிட் பண்ண சம்பள ஸ்லிப், பான் கார்டு ஸ்கேன், அப்பாவோட பாஸ்புக் போட்டோன்னு வரிசையா வருது. வயித்துல புளியக் கரைச்சுது.

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். ஃபைல டெலிட் பண்ணா கம்ப்யூட்டர் அத அழிக்கிறதில்ல, அந்த இடம் காலின்னு ஒரு டு-லெட் போர்டு மட்டும் மாட்டுது. பழைய குடித்தனக்காரரோட சாமான் எல்லாம் உள்ளயேதான் கிடக்கும், புதுசா யாராவது குடி வர்ற வரைக்கும். க்விக் ஃபார்மேட்டும் அப்படித்தான், தெரு முழுக்க போர்டு மாட்டுனா எப்படியோ அப்படி.

அதனால மொத வேலை, கைய எடுக்கிறது. ஃபைல் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து அந்த டிரைவ்ல எதையும் எழுதக்கூடாது. மெமரி கார்டுன்னா வெளிய எடுத்து பக்கவாட்டுல இருக்கிற சின்ன லாக்க கீழ தள்ளிடுங்க. லேப்டாப்னா பிரவுசர் ஓட்டுறது, அப்டேட் போடுறது எல்லாமே எழுதுறதுதான், அதே சி டிரைவ்ல ரிகவரி சாஃப்ட்வேர டவுன்லோடு பண்றது அதவிட மோசம், நிறைய பேர் ஃபைல தொலைக்கிறதே அப்பத்தான். வேற கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல வச்சு ஓட்டுங்க.

அதுக்கு முன்னாடி சும்மா கிடைக்கிற இடத்தையெல்லாம் பாத்துடுங்க. ரீசைக்கிள் பின், கூகுள் டிரைவோட டிராஷ் (30 நாள் இருக்கும்), கூகுள் போட்டோஸ் டிராஷ் (பேக்கப் ஆன படம்னா 60 நாள்), குடும்ப வாட்ஸப் குரூப். ஷிஃப்ட் அமுக்கி டெலிட் பண்ணதும், பென்டிரைவ்ல டெலிட் பண்ணதும் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, அங்க தேடி நேரத்த வீணாக்காதீங்க.

சாதாரண கேஸுக்கு ரெக்குவான்னு ஒரு ரிகவரி சாஃப்ட்வேர் போதும், இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டுற போர்ட்டபிள் வெர்ஷன் இருக்கு, பட்டன் அமுக்கி ஸ்கேன் பண்றதுதான். அது கை விரிச்சா ஃபோட்டோரெக். டெஸ்ட்டிஸ்க்னு இன்னொரு ரிகவரி டூலோட சேந்தே வரும், காசு கிடையாது, நான் மீட்டது இதுலதான். கறுப்பு ஸ்கிரீனப் பாத்து பயமா இருந்தா அதுக்குள்ளயே க்யூஃபோட்டோரெக்னு ஜன்னல் வச்ச ஒண்ணு இருக்கு. கார்ட செலக்ட் பண்ணுங்க, ஃபைல் வகையில ஜேபெக் மட்டும் டிக் பண்ணுங்க, சேமிக்கிற இடம் கண்டிப்பா வேற டிரைவா இருக்கட்டும், அப்புறம் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இது ஃபைல் பேரையே பாக்காது, டிஸ்க்க மொத்தமா துழாவி ஒவ்வொரு படமும் எப்படி ஆரம்பிக்கும்னு பாத்து புடிக்கும். அதனால வர்ற படத்துக்கெல்லாம் எஃப் போட்டு ஒரு நீள நம்பர்தான் பேரா இருக்கும், பிரிச்சு அடுக்க அக்காவுக்கு ரெண்டு நாள் ஆச்சு. வீடியோ துண்டு துண்டா எழுதப்பட்டிருந்தா உடைஞ்சு வரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

ஹார்ட்டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா எந்த சாஃப்ட்வேரும் ஓட்டாதீங்க. உடனே ஆஃப் பண்ணி, டேட்டா அவ்ளோ முக்கியம்னா ரிகவரி லேப்ல குடுங்க.

இப்ப எஸ்எஸ்டி, அதாவது புது லேப்டாப்ல ஹார்ட்டிஸ்க்குக்கு பதிலா வர்ற சிப் டிரைவ். இங்க கதையே மாறுது. விண்டோஸ் 7ல இருந்து டிரிம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, டெலிட் பண்ணதும் இந்த இடம் வேணாம்னு விண்டோஸே எஸ்எஸ்டிகிட்ட சொல்லிடும், அது தன் பாட்டுக்கு துடைச்சுடும். டு-லெட் போர்டு மாட்டுன கையோட ஓனர் ஆள விட்டு வீட்டையும் கழுவிட்டாருன்னு வச்சுக்கங்க. புது லேப்டாப்ல ரீசைக்கிள் பின்ன தாண்டிப் போன ஃபைல் பெரும்பாலும் போனதுதான், பேக்கப்புதான் ஒரே வழி.

அப்போ எஸ்எஸ்டிய பயமில்லாம வித்துடலாமான்னா, அதுவும் இல்ல. தேய்மானம் ஒரே இடத்துல விழாம இருக்க அது டேட்டாவ இடம் மாத்தி மாத்தி எழுதும், அதனால ஒரு ஃபைல் மேல நீங்க எழுதி அழிச்சதா நெனச்சாலும் பழைய காப்பி வேற மூலையில இருக்கலாம். எஸ்எஸ்டிக்கு சரியான வழி, கம்பெனி குடுக்கிற டூல்லயோ பயாஸ்லயோ (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) இருக்கிற செக்யூர் இரேஸ், மொத்த டிரைவையும் அதுவே துடைச்சுக்கும். இல்லன்னா வாங்குன அன்னிக்கே பிட்லாக்கர் (டிரைவ்ல இருக்கிறதையெல்லாம் சாவி போட்டுப் பூட்டுற விண்டோஸ் வசதி) போட்டு வச்சுட்டா, விக்கும்போது ரீசெட் பண்ணா சாவி போயிடும், மிச்சம் இருந்தாலும் வெறும் குப்பைதான். இப்ப வர்ற ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாம் ஏற்கனவே பூட்டித்தான் வருது, ஃபேக்டரி ரீசெட் போதும். கூகுள் அக்கவுண்ட்ல இருந்து வெளிய வந்துட்டு பண்ணுங்க.

பழைய ஹார்ட்டிஸ்க்குக்கு மேல எழுதுறதே போதும். 35 தடவ எழுதணும்னு ஒரு பேச்சு இன்னும் சுத்துது, அது 1996ல பீட்டர் கட்மன்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் அப்போ இருந்த டிஸ்க்குகளுக்காக எழுதுனது, இன்னிக்கு டிஸ்க்குக்கு ஒரு தடவ போதும்னு அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பு என்ஐஎஸ்டியே சொல்லுது. டி டிரைவ்னா ரைட் க்ளிக், ஃபார்மேட், க்விக்ல இருக்கிற டிக்க எடுத்துடுங்க, விஸ்டால இருந்து முழு ஃபார்மேட் எல்லா இடத்துலயும் சைபர் எழுதிடும். ஃபைல் இருக்கணும், காலி இடம் மட்டும் சுத்தமாகணும்னா கமாண்ட் பிராம்ப்ட்ல சைஃபர்னு (சி, ஐ, பி, ஹெச், இ, ஆர்) அடிச்சு, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், டபிள்யூ, கோலன், டி, கோலன் (போன்ல சொல்ற மாதிரி சொல்றேன், ஸ்பெல்லிங் பாத்து அடிங்க). மூணு சுத்து எழுதும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. மொத்த லேப்டாப்னா செட்டிங்ஸ்ல ரிகவரி, ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங், அங்கயே நிக்காம சேஞ்ச் செட்டிங்ஸ்க்குள்ள போய் க்ளீன் டேட்டாவ ஆன் பண்ணுங்க, எல்லா டிரைவும்னு கேட்டா ஆமான்னு போடுங்க. அந்த ஒரு ஸ்விட்ச போடலன்னா மறுபடியும் டு-லெட் போர்டு கதைதான்.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. 2003ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக, அமெரிக்காவுல எம்ஐடியில படிச்சுட்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்ட்டிஸ்க் 158 வாங்கிப் பாத்தாங்க, ஓடுன 129ல ஒழுங்கா துடைச்சிருந்தது வெறும் 12.

இதெல்லாம் பண்ணிட்டு ஜெராக்ஸ் கடையில ஆதார் பிடிஎஃப விட்டுட்டு வராதீங்க. அங்க பிரிண்ட் ஆனதும் டவுன்லோட்ஸ்ல இருந்து நீங்களே நின்னு டெலிட் பண்ண வைங்க, வாட்ஸப் வெப்ப லாக் அவுட் பண்ணுங்க. அவங்க டிஸ்க்க நாம துடைக்க முடியாது, அதனால கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார குடுக்கிறது உத்தமம்.

துடைச்சு முடிச்சதும், வாங்குறவன் பண்றதுக்கு முன்னாடி நீங்களே ஒருவாட்டி ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்க. என் பழைய லேப்டாப்ல ரெண்டாவது தடவ ஓட்டுனப்ப விண்டோஸோட ஐகானும் வால்பேப்பருமாதான் வந்துச்சு, பாஸ்புக்கக் காணோம். மறுநாளே வித்துட்டேன்.