இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எஞ்சின் ரெண்டு இருக்கே, ஒன்று போனாலும் இன்னொன்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்" என்ற நினைப்புதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால் போவது பாதி சக்திதான், ஆனால் மேலேறும் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மட்டமாகப் பறக்கவே ஒரு பெரும் பங்கு சக்தி செலவாகிறது, அதற்கு மேல் மிஞ்சுவதை வைத்துத்தான் விமானம் ஏறுகிறது, எஞ்சின் நின்றதும் காணாமல் போவது அந்த மிச்சம்தான். அமெரிக்காவின் பழைய சான்றிதழ் விதிகளில், 6,000 பவுண்டுக்கு உட்பட்டு, ஸ்டால் வேகம் (இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம்) நாட் என்ற வேக அளவில் 61-ஐத் தாண்டாத விமானங்கள் ஒற்றை எஞ்சினில் ஏறியே தீர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. முழு எடை, கடும் வெயில், உயரமான ஓடுபாதை மூன்றும் சேர்ந்தால் அந்த இரண்டாவது எஞ்சின் உங்களை மெதுவாக இறக்க மட்டும்தான் உதவும்.

அதனால் ஓடுபாதையில் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) தள்ளுவதற்கு முன்பே முடிவு எடுத்திருக்க வேண்டும். சக்கரம் கீழே இருக்கிறது, முன்னால் ஓடுபாதை மிச்சமிருக்கிறது என்றால் இரண்டு த்ராட்டிலையும் மூடிவிட்டு நேராக இறங்கிவிடுங்கள். சக்கரத்தை ஏற்றிவிட்டீர்கள், நீலக் கோட்டு வேகம் (வேகமானியில் நீலக் கோட்டால் குறித்திருக்கும், ஒற்றை எஞ்சினில் நன்றாக ஏறும் வேகம்) கையில் இருக்கிறது, அன்றைய வெப்பத்தில் ஒற்றை எஞ்சினில் ஏறும் என்று கையேட்டு அட்டவணையும் சொல்கிறது என்றால் மட்டும் தொடருங்கள். இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பாதவர்கள் அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் வேகம் சரிந்துவிடுகிறது.

வேகம் சரிவதுதான் ஆளைக் கொல்லும் தவறு. விமானம் ஏற மறுக்கிறது, எதிரே மரங்கள் தெரிகின்றன, கை தன்னால் மூக்கைத் தூக்குகிறது. பைப்பர் செமினோல் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் நீலக் கோடு 88 நாட், ஒற்றை எஞ்சினில் கட்டுப்பாடு நிற்கும் குறைந்தபட்ச வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோடு 56 நாட். சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகட்டை) முழுக்க மிதித்தாலும் ஓடும் எஞ்சினின் இழுப்பைச் சமாளிக்க முடியாது, விமானம் நின்ற எஞ்சின் பக்கமே திரும்பிப் புரண்டுவிடும். அப்படிப் புரள்வதைவிட, கட்டுப்பாட்டோடு ஒரு வயலில் இறங்குவது எவ்வளவோ மேல்.

சரி, 56-க்கு மேல் இருந்தால் பத்திரமா? அதுவும் இல்லை. அந்த எண், ஓடும் எஞ்சின் பக்கம் 5 டிகிரி வரை சாய்த்துக் கணக்கிட்டது. இறக்கையை மட்டமாக வைத்தால் கட்டுப்பாடு அதைவிட அதிக வேகத்திலேயே போய்விடலாம். பயிற்சியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: டர்போ இல்லாத எஞ்சின்களில் உயரம் கூடக் கூட இந்த வேகம் இறங்கிக்கொண்டே போகும், ஆனால் கருவி காட்டும் ஸ்டால் வேகம் அநேகமாக அப்படியே இருக்கும். ஓர் உயரத்துக்கு மேல் ஸ்டால்தான் முதலில் வரும், ஒரு பக்கம் மட்டும் சக்தி இருக்கும்போது ஸ்டால் ஆனால் அடுத்தது ஸ்பின், அதாவது சுழன்றுகொண்டே விழுவது.

அப்புறம் அவசரம். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் கிளம்பிய டிரான்ஸ்ஏசியா 235 பயணிகள் விமானத்தில் கோளாறு வலது எஞ்சின் பக்கம், கேப்டன் நிறுத்தியது நன்றாக ஓடிய இடது எஞ்சினை, இறந்தவர்கள் 43 பேர். அது பெரிய ஏடிஆர் விமானம்தான், ஆனால் சின்ன விமானத்திலும் இதே தவறு நடக்கும். எந்தக் கால் மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது. அதை மட்டும் நம்பாமல் அந்தப் பக்க த்ராட்டிலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள், சத்தத்திலோ மூக்கின் போக்கிலோ மாற்றமே இல்லை என்றால் அடையாளம் சரி, பிறகு ஃபெதர் செய்யுங்கள், அதாவது ப்ரொப்பல்லர் இலைகளின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பி இழுவையைக் குறையுங்கள். அதற்காக நிதானம் தாமதமாகவும் ஆகிவிடக்கூடாது. செமினோலில் சுழற்சி நிமிடத்துக்கு 950-க்குக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் பூட்டு விழுந்து ப்ரொப்பல்லரை ஃபெதர் செய்யவே முடியாது, அகலமாக நிற்கும் அந்த இலைகளின் இழுவையோடுதான் மிச்சத் தூரம் பறக்க வேண்டும்.

எஞ்சின் ஏன் நிற்கிறது என்று பார்த்தால், பல நேரம் எஞ்சினில் உடைசலே இருக்காது. தவறான டாங்க்கைத் தேர்ந்தெடுத்தது, க்ராஸ்ஃபீடை (ஒரு பக்க டாங்க்கிலிருந்து மறுபக்க எஞ்சினுக்கு எரிபொருள் போகும் வழியை) திறந்துவிட்டு மறந்தது, எரிபொருளில் இறங்கிய தண்ணீர், கார்புரேட்டருக்குள் (எரிபொருளும் காற்றும் கலக்கும் இடத்தில்) உறையும் ஐஸ். இவை இரண்டு எஞ்சினையும் சேர்த்தே நிறுத்தக்கூடியவை.

பறக்காமல் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் கெடுதல். லைகாமிங் நிறுவன எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேல்பக்கம் இருக்கிறது, ஆயில் வடிந்துபோனால் முதலில் துருப்பிடிப்பது அதுதான். தரையில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஆயில் நன்றாகச் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும்.

பராமரிப்பில் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையைச் செய்தால், ஒரு தவறு இரண்டிலும் உட்கார்ந்துவிடும். முடிந்தவரை ஒன்றை முடித்துச் சில மணி நேரம் பறந்து பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். ஒரே நேரத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால், இணைப்புகளை இறுக்காத இன்னொருவர் வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும்.