புது ரைஃபிள் பேரலைப் பழக்க வேண்டுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாக .22 ரைஃபிள் (சிறிய .22 LR தோட்டா சுடுவது) எடுப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: பேரல் என்னும் குழலைப் பழக்க, ஒன்று சுட்டுத் துடை, மறுபடி சுட்டுத் துடை என்ற சடங்கு அவசியமா?

.22க்கு வேண்டாம். செம்பு உறை போட்ட குண்டு சுடும் பெரிய ரைஃபிள்களுக்காக வந்த முறை அது. தோட்டா உட்காரும் அறையான சேம்பரை அடுத்து, தயாரிப்பில் வெட்டுக்கருவி விட்ட பிசிறு செம்பைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும்; அதை மழுக்கவே அந்தச் சடங்கு. .22 குண்டோ பெரும்பாலும் மெழுகு பூசிய ஈயம்.

முதல் நாள் செய்ய வேண்டியது வேறு. சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றுங்கள். கம்பியை நேராக வழிநடத்தும் போர் கைடு போட்டு, துடைக்கும் கம்பியைப் பின்பக்கமிருந்தே விடுங்கள். முனைவழியாக விட்டால் கம்பி வாய் விளிம்பை உரசித் தேய்த்துவிடும், குறி சிதறும், அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. கரைப்பானில் நனைத்த துணி இரண்டு, ஐந்து நிமிடம் ஊறல், பிறகு வெள்ளையாக வரும்வரை உலர்துணி. கம்பெனி பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் முதல் குண்டுகள் விலகிப் போகும்.

அடுத்து 10 முதல் 20 தோட்டா சுடுங்கள். குழலில் மெழுகு படியப் படியக் குழு இறுகும், அதாவது இலக்கில் துளைகள் நெருங்கி விழும். ஒவ்வொரு முறை கரைப்பான் போட்டுத் துடைத்த பிறகும் இப்படித்தான். ஆகவே அளவுக்கு மீறித் துடைக்காதீர்கள். சேம்பருக்கு முன்னால் கெட்டியாகும் கரி வளையத்தை மட்டும் வெண்கலப் பிரஷ்ஷால் எடுங்கள். பிரஷ்ஷைக் குழலுக்குள் பாதியில் திருப்பி இழுக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பாஞ்சு பெட்டி ஈரம் இழுக்கும். குழலில் மெல்லிய எண்ணெய்த் துணி ஒன்று விட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்கு வெளியே வையுங்கள், பூட்டிய அலமாரியில். சுடுமுன் உலர்துணி.