கல்லீரல் மாற்று: வீட்டில் கூட இருக்கப்போகிறவருக்கு

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். லாங் சைஸ், 200 பக்கம், கெட்டி அட்டை. நான் தண்டையார்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள். கடையில் அளவு எழுதுகிற நோட்டையே கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி வைத்து வீட்டுக்காரரின் எடை, மாத்திரைக் கணக்கை ஆரம்பித்தேன். அப்படிச் செய்யாதீர்கள். ஓபியில் டாக்டர் வாங்கிப் புரட்டும்போது, யாரோ ஒரு அக்காவின் கழுத்து இறக்கம் ஏழரை இன்ச் என்று வந்து நிற்கும்.

அவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். கல்லீரல் சுருங்கிப்போனதற்குப் பாதிக் காரணம் குடி, மீதி சர்க்கரையும் கொழுப்பும். 2022-ல் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலை அவருக்குப் பொருத்தினார்கள். ஆபரேஷனைப் பற்றிப் பேச நான் ஆள் இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நீர் பிரிய மாத்திரை கொடுப்பார்கள். அது வேலை செய்கிறதா என்பது எடையிலும் வயிற்றுச் சுற்றளவிலும் தெரியும். எடை சுலபம்: காலையில் வெளிக்குப் போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், அதே மெஷின், ஏறக்குறைய அதே துணி. சுற்றளவைத்தான் பலர் ஒப்புக்கு எடுக்கிறார்கள். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, டேப்பைத் தொப்புள் மேலேயே சுற்றி, மூச்சை விட்டு முடிக்கிற இடத்தில் படியுங்கள். இறுக்கவும் கூடாது, தொங்கவும் விடக்கூடாது. முதுகுப் பக்கம் டேப் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நின்றால் ஒரு அளவு வரும், படுத்தால் ஒரு அளவு வரும், அதனால் தினமும் ஒரே மாதிரி எடுங்கள்.

பழைய துணி டேப் வேண்டாம். நாள்பட்டால் இழுபட்டு நீண்டுவிடும், வயிறு குறைந்த மாதிரிக் காட்டும். என் கடை டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன், முக்கால் சென்டிமீட்டர் வித்தியாசம். துணியையும் அதே டேப்பில்தான் வெட்டுகிறேன் என்பதால் ஜாக்கெட்டுக்குக் கேடில்லை. வயிற்றுக்கு அப்படி முடியாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டால் அடுத்த ரிவ்யூவரை காத்திருக்காமல் போன் பண்ணுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் என்றார்கள், ஐந்து கிராம். குழம்பு, பொரியல், இட்லி மாவு எல்லாம் சேர்த்து. நான் காலையிலேயே அவர் பங்கை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் வீட்டை விட்டே போயின. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவருக்குக் கருவாடு இல்லாத சோறு எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. ஆனால் பத்தியம் என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கஞ்சி மட்டும் கொடு என்பார்கள். சுருங்கிய கல்லீரலால் ராத்திரிக்கு வேண்டியதைச் சேர்த்துவைக்க முடியாது. வயிறு ரொம்ப நேரம் காலியாக இருந்தால் உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்னும். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் வேண்டும், படுக்கப் போகும் முன்னாலும் ஏதாவது உள்ளே போகவேண்டும்.

அப்புறம், தினமும் காலையில் நோட்டில் அந்த நாளுக்குக் கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கல்லீரல் சுத்தம் செய்யாமல் விட்ட அம்மோனியா மாதிரியான கழிவு மூளைக்குப் போனால் ஆள் மந்தமாவார். பகலில் தூங்குவார், ராத்திரி முழித்துக்கொண்டிருப்பார், காரணமில்லாமல் எரிந்துவிழுவார். கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கூடவே இருக்கிறவருக்குப் பிடிபடாது. கையெழுத்தில் பிடிபடும். லைசென்ஸிலும் டிரிப் ஷீட்டிலும் இருபது வருஷமாக அவர் ஒரே மாதிரி போட்டவர், கடைசியில் ஒரு சுழி, அடியில் ஒரு கோடு. ஒரு செவ்வாய்க்கிழமை சுழி இல்லை. புதன்கிழமை கோடு எழுத்துக்கு நடுவில் ஓடியது. வியாழக்கிழமை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது, நான் சேர்த்துப் பார்க்கவில்லை. லாக்டுலோஸ் சிரப் தித்திப்பு குமட்டுகிறதென்று எனக்குத் தெரியாமல் வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறார். அந்த சிரப் குடித்தால் தினமும் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகவேண்டும். போகவில்லையென்றால் உடனே கேளுங்கள். நாங்கள் அன்று சாயங்காலமே அட்மிட் ஆனோம்.

ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பு மலம், வயிற்று வலியோடு காய்ச்சல், எழுப்பினால் எழாத தூக்கம். இந்த நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 108-க்கு அடியுங்கள்.

காகித வேலையை ஆள் நன்றாக இருக்கும்போதே முடியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் வருகிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். நம் பக்கத்திலேயே ஸ்டான்லியில் கல்லீரல் மாற்றுக்கென்று பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள். மெல்ட் ஸ்கோர் என்று ஒன்று சொல்வார்கள். பில்ருபின், கிரியாட்டினின், ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளை வைத்து 6-லிருந்து 40 வரை போடுகிற எண். ஏற ஏற ஆபத்து அதிகம். அந்த மூன்றையும் ஒவ்வொரு முறையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

உயிரோடு இருக்கிற சொந்தக்காரரும் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், சில வாரங்களில் வளர்ந்துவிடும். நான் தருகிறேன் என்று போனேன். ஸ்கேனில் எனக்கும் கொழுப்பு என்று வந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆக, மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் ஆஸ்பத்திரி மூலமாகப் பதிவு செய்து காத்திருந்தோம். ஒரு டீக்கடையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பட்டியலில் முன்னால் ஏற்றித் தருகிறேன், செலவாகும் என்றார். அப்படி யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ன் சட்டப்படி குற்றம். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி 2008-ல் தங்கள் பிள்ளை ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, அதற்கப்புறம்தான் நம் ஜனங்களுக்கு மூளைச்சாவு என்ற வார்த்தையே பழக்கமானது. யாரோ ஒரு வீட்டின் துக்கத்திலிருந்து வருவது அது. அதில் பேரம் பேச ஒருவர் வருகிறார்.

பட்டியலில் ஏறியதும் ஒரு பையைக் கட்டி வையுங்கள், போனை சைலண்டில் போடாதீர்கள். கூப்பிட்டால் உடனே கிளம்பவேண்டும், சாப்பிடக்கூடாது. வழியை இப்போதே யோசித்து வையுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் உள்ளூர்க்காரராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது, கன்டெய்னர் வரிசை நிற்கும் நேரமும் அப்படித்தான். ஒருமுறை போய் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, அந்தக் கல்லீரல் சரியாக இல்லை என்று திரும்பி வந்தோம். அப்படியும் நடக்கும். இரண்டாவது முறைதான் உள்ளே கூட்டிப்போனார்கள்.

ஐசியு நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெளியே உட்கார்ந்திருப்பதுதான் வேலை. வார்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபோது வயிற்றில் குறுக்கே ஒன்று, நடுவில் மேலே ஒன்று என்று பென்ஸ் கார் முத்திரை மாதிரி வெட்டு. நூல் இல்லை, வரிசையாக பின். எத்தனை பின் என்று எண்ணினேன், தொழில் புத்தி. வெட்டு பிரிந்துபோகாமல் இருக்க மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. எங்கள் தெருவில் கனம் என்றால் தண்ணீர்க் கேன், லாரித் தண்ணீர்க் குடம். அவர் கண்ணில் படாமல் நானே எடுத்து வைத்துவிடுவேன், பார்த்தால் கை நீளும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாத்திரைதான். முக்கியமானது டாக்ரோலிமஸ். ஜப்பானில் சுகுபா பக்கத்து மண்ணில் 1984-ல் கண்டுபிடித்த கிருமியிலிருந்து வந்ததாம். புதுக் கல்லீரலை உடம்பு அன்னியன் என்று தாக்காமல் அடக்கி வைக்கிற மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, எங்கள் வீட்டில் காலை எட்டு, ராத்திரி எட்டு. ரத்தத்தில் அது குறைந்தால் கல்லீரலுக்கு ஆபத்து, கூடினால் கை நடுங்கும், கிட்னி கெடும். அதற்காக லெவல் என்று ரத்தம் எடுப்பார்கள்.

லெவல் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கொடுக்காமல் கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்கவேண்டும். இதில் நான் தப்பு செய்தேன். பழக்கதோஷத்தில் எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டேன், ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தார்கள். லெவல் ஏகத்துக்கு ஏறி வந்தது. டாக்டர் டோஸைக் குறைக்க எழுதப் போனவர், பேனாவை நிறுத்தி எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டைப் பார்த்துவிட்டார்: 8.00, என் கையெழுத்திலேயே. மறுநாள் மறுபடி எடுத்தோம், சரியாக இருந்தது. நோட்டில் நேரம் இல்லாதிருந்தால் சரியான டோஸைக் குறைத்திருப்பார்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள், கேளுங்கள். மெடிக்கலில் அதே மருந்துதான், வேறு கம்பெனி என்று நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பம்பளிமாஸ், நாட்டு மருந்து, கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரை எதுவும் கூடாது. காப்ஸ்யூலை அட்டையிலிருந்து முன்கூட்டியே உரித்து டப்பாவில் போடாதீர்கள், ஈரம் ஆகாது. இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பு வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் தண்ணீர் நின்றபோது பரண் மேல் எவர்சில்வர் டப்பாவில் இருந்ததால் நான் தூங்கினேன்.

காய்ச்சல் 100.4 தொட்டால் அந்த ராத்திரியே போன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். ரோட்டில் வெட்டி வைத்த பழம், ஜூஸ், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். மீனை நன்றாக வேகவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கஷ்டமானது புறா. மொட்டைமாடியில் 14 பந்தயப் புறா வளர்த்தார். புறா எச்சத்தில் இருக்கும் பூஞ்சை, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருப்பவர்களுக்கு நுரையீரல், மூளைவரை போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூண்டை அவர் சுத்தம் செய்யவே கூடாது. நீங்கள் செய்வதானாலும் காய்ந்ததைப் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். முகத்தில் மாஸ்க், கையில் உறை போட்டுக்கொண்டு, தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, சுரண்டி, பையில் கட்டிப் போடுங்கள். நான் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முடித்துவிட்டேன். புறாக்களை மீஞ்சூரில் அவர் சினேகிதர் வாங்கிக்கொண்டார். பந்தயப் புறாவாயிற்றே. ஒரு மாதம் அடைத்துவைத்துத் திறந்ததும் மூன்று இங்கேயே வந்துவிட்டன. அப்புறம் சினேகிதர் அவற்றைத் திறந்துவிடுவதே இல்லை, குஞ்சுகளை மட்டும்தான் பறக்கவிடுகிறார்.

ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்துத் தப்பித்து வந்துகொண்டிருந்தது. அது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் நான் மாஸ்க்கோடு மேலே போவேன். அவர் மாடிப்படியின் கீழேயே நின்றுகொள்வார்.

“கால் வளையம் இன்னா கலரு பாரு.”

“பச்சை.”

“தெரியும். ரெக்கை அடிபட்டிருக்கா பாரு, கேக்கறேன்.”