வாயைக் கட்டாமல் கூரையைப் போர்த்த ஒரு வழி

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் பகல் முழுக்க பளிச்சென்று வெயில் அடிக்கும். ஐந்தரை மணிக்குச் சூரியன் மறைந்ததும் வீடு ஜில்லிடத் தொடங்கி, விடிகாலையில் வெளியே பூஜ்யத்தை ஒட்டி வந்து நிற்கும். இந்த நகரத்தில் நாங்கள் இருக்கும் லெனேசியா பகுதியில் பழைய வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. செங்கல் சுவர், இரும்புச் சட்டம் போட்ட ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், சீலிங்குக்கு மேலே வெறும் தூசி. கூரைக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்ற கட்டட விதி 2011-இல்தான் வந்தது, அதுவும் புது வீடுகளுக்கு. பழைய வீட்டுக்காரர்கள் நாமே காசு சேர்த்து நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலிக்கார மாமியார். ஒரே சம்பளத்தோடு என் தையல் வருமானம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிற முறையை நான் சொல்லப்போவதில்லை. வளரும் பிள்ளைகளின் பாலிலும் வயதானவர்களின் ஹீட்டரிலும் கை வைத்துச் சேர்க்கிற காசு நமக்கு வேண்டாம். அது மருந்துக்கடையில் போய்ச் சேரும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. மலிவான வெப்பமானி ஒன்று வாங்கி, வீட்டில் வயதானவர் படுக்கும் அறையில் முதலில் மாட்டுங்கள். எந்த அறைக்கு முதலில் செலவு செய்வது என்று அது சொல்லிவிடும்.

காசு எங்கிருந்து வரும்

கரண்ட் மீட்டரிலிருந்துதான். இங்கே கரண்ட் தயாரிக்கும் அரசு நிறுவனமான எஸ்காம் 2023-இல் 18.65 சதவீதம் ஏற்றியது, 2025-இல் இன்னொரு 12.74 சதவீதம். மாநகராட்சியின் புதுக் கட்டணம் ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும், சரியாகக் குளிர் நடுவில், அமலுக்கு வரும். அதனால் கரண்டில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் வருஷா வருஷம் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

நான் கடைப்பிடிப்பது இதுதான். ஜூலையில் முன்பணம் கட்டி வாங்கும் ப்ரீபெய்ட் கரண்ட் டோக்கனுக்கு எவ்வளவு போனதோ, அந்தத் தொகையை வருஷம் முழுக்க மாதாமாதம் கரண்டுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஜூலையில் 2,400 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் 1,500தான் ஆகிறது. மிச்சம் 900 ரேண்டையும் அன்றைக்கே 32 நாள் நோட்டீஸ் கணக்கில் போட்டுவிட வேண்டும். எடுக்க வேண்டுமென்றால் 32 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதால், சனிக்கிழமைக் கடைத்தெரு ஆசைக்கு அந்தக் காசு அகப்படாது. ஏற்கெனவே ஜூலையில் சமாளித்த தொகை என்பதால் குடும்பத்துக்குப் புதுச் சுமையும் இல்லை. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை இப்படிச் செய்தால் கூரைக்கு ஒரு நல்ல தொகை சேரும். ஜனவரியை மட்டும் விட்டுவிடுங்கள். பள்ளிக் கட்டணம், சீருடை, ஷூ என்று அந்த மாதம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

யூனிட்டை மொத்தமாக முன்கூட்டி வாங்கி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரே மாதத்தில் நிறைய வாங்கினால் விலை மேல்படிக்கு ஏறிவிடும். அந்தந்த மாதத்துக்கு வேண்டியதை வாங்குவதே நல்லது.

இன்னொரு வழி ஸ்டோக்வெல். நம் ஊர் குலுக்கல் சீட்டு மாதிரிதான்: ஏலம் கிடையாது, கழிவு கிடையாது, மாதம் ஒருவருக்கு மொத்தப் பணமும் போகும். எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்திருக்கிறேன். முறை போடும்போதே “எனக்கு மார்ச் மாதம் வேண்டும் அக்கா” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். குளிருக்கு முன்னால் கூரை வேலையை முடிக்க அதுதான் சரியான நேரம். ஜனவரியில் கூரைக்குள் ஏறினால் வெந்துவிடுவோம். தெரிந்தவர்கள், ஒரே தெருக்காரர்கள் என்றால் மட்டும் சேருங்கள்.

கீஸரும் அடுப்பும்

கரண்டை அதிகம் தின்பது கீஸர். 150 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 8 யூனிட் ஆகும். தெர்மோஸ்டாட்டை 60-இல் வையுங்கள். அதற்கும் ரொம்பக் கீழே இறக்கினால் தொட்டிக்குள் கிருமி வளரும். தொட்டிக்குப் போர்வை சுற்றி, அதிலிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை மாட்டினால் சும்மா ஆறிப்போகிற சூடு குறையும். இரண்டும் அதிக விலை இல்லை. அப்புறம், வாளிக் குளியல். ஷவரில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் ஓடும், ஒரு வாளியில் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். இங்கே பிறந்து வளர்ந்த என் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

சமையலுக்கு மூட்டைப்பெட்டி: கொதித்த பாத்திரத்தைத் துணிக்குள் பொதிந்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். இதையே வொண்டர்பேக் என்ற பையாக 2008-இல் இந்த நாட்டில்தான் ஒருவர் ஆரம்பித்தார். விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு அட்டைப்பெட்டி, அடியிலும் பக்கத்திலும் பழைய கம்பளி, மேலே மூட ஒரு தலையணை போதும். பருப்பைத் தண்ணீரோடு நன்றாகத் தளதளவென்று பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே பெட்டிக்குள் இறக்கி, இடுக்கில்லாமல் துணி திணித்துவிடுங்கள். பெரிய பாத்திரமாக, முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். அரைப் பாத்திரம் ஆறிவிடும். மத்தியானம் திறந்தால் பருப்பு கரைந்து கிடக்கும். தாளித்துக் கொட்டினால் சரி. சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ் என்றால் கவனம்: இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷம் முழுக் கொதி கொதித்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். வேகாத பீன்ஸில் இருக்கும் நச்சு மெதுவான சூட்டில் போகாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் மறுபடி ஒரு கொதி விட்டுச் சாப்பிடுங்கள்.

மளிகையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இங்கே வாட் வரி 15 சதவீதம். ஆனால் அரிசி, பருப்பு வகை, காய்ந்த பீன்ஸ், சோள மாவு, சாம்ப் என்கிற உடைத்த சோளம், முட்டை, பால், சமையல் எண்ணெய், காய்கறி, பழம், டின் பில்சார்ட் மீன் இவற்றுக்கு வரி கிடையாது. 2019-இலிருந்து மைதா மாவுக்கும் இல்லை. வாரச் சாப்பாட்டை இந்தப் பட்டியலுக்குள் அமைத்துக்கொண்டால் பில் தானாக இறங்கும், வயிறும் நிறையும். டின் மீன் குழம்பும் பீன்ஸ் கறியும் டர்பன் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருவது. என் மாமியார் வைக்கிற டின் மீன் குழம்புக்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

சேர்ந்த காசை எந்த வரிசையில் செலவழிப்பது

குளிர் வந்ததும் எல்லோரும் முதலில் ஓடுவது ஹீட்டர் கடைக்கு. அதைக் கடைசியில் வையுங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் நாலு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

செலவே இல்லாதது வெயில். நம் ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். இங்கே ஆனி, ஆடிதான் குளிர்காலம், சூரியன் வடக்கே தாழ்வாகப் போகும். ஜூன் மாத உச்சி வேளையில்கூட 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் வடக்கு ஜன்னல் வழியே அறைக்குள் ஆழமாக வெயில் விழும். காலை ஒன்பதுக்கு அந்தத் திரைகளைத் திறந்து, நாலு மணிக்கு மூடிவிடுங்கள். வடக்கே வெயிலை மறைக்கிற கிளையை வெட்டுங்கள். மாமியாரின் நாற்காலியை நான் அந்தப் பக்கம் மாற்றிப் போட்டேன். மத்தியானம் வரை அவருக்கு ஹீட்டர் தேவைப்படுவதில்லை.

அடுத்தது காற்று நுழையும் இடுக்கு. காற்றடிக்கிற நாளில் ஊதுவத்தி கொளுத்தி ஜன்னல் ஓரமாக நகர்த்துங்கள், புகை அலைகிற இடத்தில் இடுக்கு. இரும்பு ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய புட்டிப் பூச்சு வெடித்திருந்தால் சுரண்டிப் புதுசு பூசுங்கள். திறக்கிற சட்டத்தில் ஒட்டு நுரைப் பட்டை, கதவடியில் பிரஷ் பட்டை. பழைய காட்டன் புடவையைக் கிழித்து நீளப் பை தைத்து, மணல் நிரப்பிக் கதவடியில் போட்டாலும் ஆகும். சுவரில் உயரத்தில் இருக்கும் காற்றோட்டச் செங்கலை மட்டும் அடைக்காதீர்கள், முக்கியமாகக் கேஸ் எரிகிற அறையில். கேஸ் ஹீட்டர் ஒரு கிலோ எரித்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகச் சுவரில் போய்ப் படியும், கூடவே கார்பன் மோனாக்சைடு ஆபத்து. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, தூங்கப் போகும்முன் அணைத்துவிட வேண்டும். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

திரைக்குத் துணியை ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவில் பார்க்கலாம். மலிவான துணி போதும், ஆனால் உள்ளே கனமான லைனிங் வையுங்கள், தரையைத் தொடுகிற நீளத்துக்குத் தைத்துக்கொள்ளுங்கள். குட்டைத் திரைக்கு அடியில் குளிர்ந்த காற்று அருவி மாதிரி இறங்கும்.

பெரிய செலவு, சீலிங்குக்கு மேலே போடுகிற வெப்பக் காப்பு. வெப்பம் மேலேதான் போகும், அதோடு இங்கே குளிர்கால இரவில் மேகமே இருக்காது, கூரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். நாங்கள் மொத்த வீட்டுக்கும் காசு சேரட்டும் என்று காத்திருக்கவில்லை, அறை அறையாகப் போட்டோம். 135 மில்லிமீட்டர் கண்ணாடி இழை ரோல் ஒன்று பொதுவாக 6 சதுர மீட்டர் மூடும். நாலுக்கு மூன்றரை மீட்டர் அறை 14 சதுர மீட்டர், மூன்று ரோல். முதலில் மாமியார் அறை, பிறகு பிள்ளைகள் அறை. கையில் காசு வந்தபோது ரோல் வாங்கிக் கட்டிலடியில் வைத்துக்கொண்டோம்.

ஏறுவதற்கு முன் கூரைத் தகட்டைப் பாருங்கள். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். 2008-இல்தான் இந்த நாடு அதைத் தடை செய்தது. சந்தேகம் இருந்தால் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், தெரிந்தவரை அழைத்துப் பாருங்கள். மற்ற வீடுகளில் இருவர் சேர்ந்தால் நாமே செய்யலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் வேண்டும், இழை தோலில் பட்டால் அரிக்கும். மரச் சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள், சீலிங் பலகை ஆளைத் தாங்காது. குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் மண்டியிட்டு, தூரத்து மூலையிலிருந்து ஏணி வாசலை நோக்கி விரித்துக்கொண்டே வாருங்கள். உறையைப் பிரித்ததும் பஞ்சு உப்பி எழும். அதை அமுக்கித் திணிக்கக் கூடாது, உள்ளே அடைபட்ட காற்றுதான் வேலை செய்கிறது. சட்டத்துக்கும் பஞ்சுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் அந்த வழியாகச் சூடு ஓடிவிடும். ஒயர்கள் தளர்வாக இருந்தால் பஞ்சுக்கு மேலே எடுத்துப் போடுங்கள். சீலிங்கில் பதித்த விளக்குகளைச் சுற்றி இடம் விடுங்கள், இல்லாவிட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். கூரை ஓரத்தில் காற்று வருகிற வழியை மூட வேண்டாம்.

ஆளைக் கூப்பிட்டுச் செய்தால், வேலை முடிந்ததும் அளவுகோலோடு நீங்களே மேலே ஏறிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 135 என்று பணம் வாங்கிக்கொண்டு அதில் பாதிகூட இல்லாததைப் போட்டுப் போயிருந்தார்கள். ரோலின் உறைகளைக் கேட்டு வாங்கி எண்ணுங்கள், தடிமன் அதில் அச்சடித்திருக்கும்.

இதற்கு அப்புறமும் குளிர்கிற அறைக்குத்தான் ஹீட்டர். எண்ணெய் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருப்பதை எடுத்து, கதவை மூடிய ஒரே அறையில் ஓட்டுங்கள். எங்கள் வீட்டில் மாலை நேரம் எல்லோரும் அந்த ஓர் அறையில்தான் இருப்போம். பிள்ளைகள் பாடம் படிக்க, நான் தைக்க. படுக்கைக்கு ரப்பர் வெந்நீர்ப் பை போதும், கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு, துணி சுற்றிக் கொடுங்கள்.

சீலிங்குக்கு மேலே காப்பு போட்ட பிறகு வருகிற முதல் ஜூலையிலும் பழைய ஜூலைத் தொகையையே ஒதுக்குங்கள். யூனிட் விலை ஏறினாலும் எண்ணிக்கை குறைந்திருக்கும். மிச்சம் அடுத்த அறையின் ரோலுக்கு. அக்டோபரில் முதல் மழை பெய்ததும் கூரைக்குள் ஒரு டார்ச்சோடு தலையை நீட்டிப் பாருங்கள். ஓடு ஒழுகிப் பஞ்சு நனைந்திருந்தால் அந்தத் துண்டை வெளியே எடுத்து, ஓட்டைச் சரி செய்து, உலர்ந்ததை வைத்து மூடுங்கள்.